ஆனையூர் மாடியில் கிர்ணிக் கொடி

அடுத்த வாரத்திலிருந்து நான் பார்த்துவந்த வீடுகளை உங்கள் மூவருக்கும் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன் உங்களை உட்கார வைத்து ஏதாவது சொல்லச் சொன்னார் ஓனர் அண்ணன். என்னை மூத்தவள் என்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்னும் முப்பதைத் தொடவில்லை. ஆனால் மாடித் தோட்டம் போட்டுக்கொடுத்து, வாராவாரம் வந்து பார்த்துக்கொள்ளும் இந்தத் தொழிலே மதுரைக்குப் புதிது. மேல்படிப்புக்காக இதை விட்டுப் போகிற முதல் ஆள் நான்தான். ஆகவே ஓய்வு பெற்றவளின் உரிமையோடு பேசுகிறேன்.

மண்கலவை, நிழல்வலை, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் நீங்கள் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவை. அவற்றில் சந்தேகம் வந்தால் போனில் கேட்கலாம். நான் சொல்லப்போவது, கையும் காலும் நிலைகொள்ளாமல் நான் அலைந்த ஒரு கோடையைப் பற்றி.

பாடப் புத்தகத்தில் முலாம்பழம் என்று இருப்பதை இந்த ஊரில் கிர்ணி என்றால்தான் தெரியும். பங்குனி பிறந்தால் சாலையோரமெல்லாம் குவித்து வைத்து ஜூஸ் போட்டு விற்பார்கள். அவ்வளவு மலிவாகக் கிடைப்பதை யாரும் வீட்டில் வளர்க்கச் சொல்லி நம்மைக் கூப்பிடுவதில்லை. தக்காளி, கத்தரி, கீரை, அப்புறம் ஆசைக்கு ஒரு ரோஜா. நம் வாடிக்கையாளர்களின் பட்டியல் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆனையூரில் லீலா அக்கா மட்டும் கிர்ணிதான் வேண்டும் என்றார். அதுவும் ஆனி பிறப்பதற்குள் பழம் வேண்டும் என்றார்.

அவரை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீடு மாமனார் கட்டியது. கீழே கணவரின் தம்பி குடும்பம், முதல் தளத்தில் இவர், அதற்கு மேல் மொட்டை மாடி. வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொள்வார்கள். நான் படியேறும் சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்தில் தமிழுக்கு மாறிவிடுவார்கள், மரியாதைக்காகத்தான்.

தம்பி ஜெகன் ஜவுளி வியாபாரி. நல்ல மனிதர். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கூடவே இருந்தவர், இன்றைக்கும் மாதச் சாமான் வாங்கினால் மேல்வீட்டுக்கும் சேர்த்து வாங்குகிறவர். அவருக்குச் சரக்கு வைக்க இடம் போதவில்லை. மாடியில் தகர ஷெட் போட்டுவிட்டால் வெளியே குடோன் பிடிக்க வேண்டியதில்லை. அக்கா முகம் வாடியதைப் பார்த்து, சமாதானமாக ஒரு வழியும் சொல்லியிருக்கிறார். கீரை யாரும்தான் வளர்ப்பார்கள், கிர்ணி வளர்த்து ஒரு பழம் தட்டில் வையுங்கள், மாடியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன், ஆனி பிறக்கிற வரைக்கும் காத்திருக்கிறேன் என்று. அவர் பாதி விளையாட்டாகச் சொன்னதை அக்கா முழுசாகப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் பைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஏன் அக்கா இவ்வளவு பிடிவாதம், கீழே அத்தனை இடம் இருக்கிறதே என்று கேட்டேன்.

“கீழ இருந்தா யாரோ ஒருத்தர் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும்மா” என்றார். “மாடிக்கு வந்தாத்தான் என் வீட்டுல இருக்கேன்.”

கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டு, எந்தப் பையில் எத்தனை விதை என்று யோசிக்கப் போய்விட்டேன்.

கொடி பிரமாதமாக வந்தது. வலையைப் பிடித்து ஏறி, இலை இலையாக விரித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் போகும்போது ஒரு முழம் கூடியிருக்கும். ஞாயிறு பத்து மணி என் நேரம். அக்காவுக்கு விடுமுறை, எனக்கும் வழியில் வேறு வீடுகள் கிடையாது. பூ எடுத்தது. பிஞ்சோடு சேர்ந்து வரும் பூக்களும் வந்தன. கிர்ணியில் பிஞ்சில்லாத ஆண்பூ வந்த பிறகுதான் அது வரும் என்று உங்களுக்குத் தெரியும். அது வந்துவிட்டால் இனி காய்தான் என்று அக்காவிடம் தைரியமாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு போனபோது அந்தப் பிஞ்சுகளெல்லாம் மஞ்சள் பூத்து, சுருங்கி, கை பட்டதும் உதிர்ந்தன. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

இங்கிருந்துதான் என் அலைச்சல் ஆரம்பம். எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்க வராது. வெயில், தண்ணீர், சத்துக் குறைவு, பூச்சி, தேனீ இல்லாமை என்று எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். நிழல்வலையை மாற்றிக் கட்டினேன். தண்ணீர் விடும் நேரத்தை மாற்றினேன். நுண்ணூட்டம் தெளித்தேன். பிஞ்சு உதிர்வது நிற்கவில்லை. வேறு வீட்டில் தக்காளிக்குக் கவாத்து செய்துகொண்டிருக்கும்போதும் மனம் ஆனையூரில் இருக்கும். வாரத்தின் நடுவில் ஒருநாள், யாரும் கூப்பிடாமலே, மத்தியான வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டவே உயிர் போய்விட்டது. போய்ப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததையேதான்.

ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். கொடியில் ஆண்பூவே இல்லை. வாடினது இல்லை, உதிர்ந்து கீழே கிடப்பதும் இல்லை. கிர்ணிக் கொடியில் ஆண்பூ கொத்துக் கொத்தாக வரும். வெயில் கூடக் கூட அதுதான் அதிகமாகும். அங்கே வெறும் காம்புகள் மட்டும் நின்றன. நுனியெல்லாம் நறுக்கினது போல் ஒரே அளவில் இருந்தது.

பசுமலையில் ஒரு வீட்டில் முந்தின வருடம் இப்படித்தான் மொட்டுகள் காணாமல் போயின. அணில் என்று கண்டுபிடித்து வலை போட்டு நல்ல பெயர் வாங்கியிருந்தேன். ஒரு வீட்டில் வாங்கின நல்ல பெயர் அடுத்த வீட்டில் நம் கண்ணை மறைக்கும். இதுவும் அணில்தான் என்று முடிவு செய்து, ஓனர் அண்ணனிடம் அணில் வலை கேட்டேன்.

அவர் வேறு மாதிரி சொன்னார். அந்தக் கொடியைப் பிடுங்கிவிட்டு நாலு கத்தரிச் செடி வைத்துவிட்டு வா, கோடையில் கிர்ணி மாடிக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடலாம் என்றார். வியாபாரக் கண்ணில் அது தப்பில்லை. ஒரே வீட்டுக்கு நான் வாரத்தில் மூன்று தடவை பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்துவிடுகிறேன் அண்ணே, அதற்கப்புறம் பிடுங்கலாம் என்றேன்.

“அம்புட்டு தூரம் இருட்டுல போயி அணிலுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறியா?” என்றார். ஆனாலும் போகச் சொன்னார்.

உங்கள் மூவருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரிந்ததுதான். கிர்ணிப் பூ சூரியன் வந்ததும் விரியும், மத்தியானத்துக்குள் மூடிவிடும். அதன் உயிர் காலையில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் என் வசதிக்குப் பத்து மணிக்கே போய்க்கொண்டிருந்தேன். அக்காவும் காலையில் மாடிக்கு வந்ததில்லை. விடிவதற்கு முன் அடுப்படி, ஏழு மணிக்குள் பஸ், திரும்பி வந்து இருட்டுவதற்கு முன் தண்ணீர். அந்தக் கொடி உயிரோடிருந்த நேரத்தில் நாங்கள் இருவருமே அதைப் பார்த்ததில்லை.

வெளிப்படி வழியாக நான் மேலே ஏறியபோது வெயில் இன்னும் கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. குளித்த ஈரத்தோடு, நெற்றியில் திருநாமத்தோடு, ஜெகன் சார் வலைப் பந்தலுக்கு முன்னால் நின்றிருந்தார். இடது கையில் பித்தளைத் தட்டு. தட்டில் நாலைந்து செம்பருத்தி; அதைச் சுற்றிலும் மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பூக்கள்.

“வாம்மா, என்ன இவ்வளவு காலையில? காபி குடிச்சியா?” என்றார்.

சார், இது கிர்ணிப் பூவா என்றேன்.

“ஆமா, மதினி கொடிதான். பயப்படாத. பிஞ்சு இருக்கிற பூ ஒண்ணைக்கூட நான் தொட்டதில்ல. இதெல்லாம் பொய்ப்பூ. காய்க்கவா போகுது? சும்மா உதிர்ந்து போறதுக்குச் சாமிக்குப் போகட்டுமேன்னு எடுக்குறேன்.”

தினமுமா என்று கேட்டேன்.

“கொடி பூத்த நாள்லேருந்து. அண்ணன் படத்துக்கும் ரெண்டு வைப்பேன்.”

காம்பை எப்படிக் கிள்ளுகிறார் என்று அந்த நிமிஷமும் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தால் சுத்தமாக, கொடிக்கு வலிக்காத மாதிரி. பக்கத்தில் பிஞ்சோடு ஒரு பூ இருந்தால் விரலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அதைத் தாண்டி அடுத்ததைக் கிள்ளினார். பிஞ்சைச் சுட்டுவிரலால் காட்டக்கூட மாட்டார். அழுகிவிடும் என்று விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டினார். அவ்வளவு பக்குவமாக, ஒவ்வொரு நாளும், அந்தக் கொடியிலிருந்த மகரந்தம் முழுவதையும் தட்டில் வாங்கிக்கொண்டு கீழே போயிருக்கிறார். பிஞ்சுப் பூவுக்குள்ளும் கொஞ்சம் மகரந்தம் உண்டுதான். ஆனால் மேய ஆண்பூ இல்லாத மாடிக்குத் தேனீ ஏன் வரப்போகிறது?

உள்படியில் அக்காவின் கொலுசுச் சத்தம் கேட்டது. நான் வருவேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்ததால், அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்துகொண்டிருந்தார்.

உங்களுக்கு இப்படி ஒரு நிமிஷம் வரும். அன்றைக்கு என் தலைக்குள் ஓடியதை அப்படியே சொல்கிறேன். இவரிடம் முதலில் சொல்வதா, அக்கா வந்தபின் இருவரிடமும் சொல்வதா, அல்லது இப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் தனித்தனியாகப் பிறகு சொல்வதா? மாடி வேண்டும் என்று கேட்டவர் கையில் அந்த மாடிப் பூக்கள். அக்கா அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. நான் வாயைத் திறந்தால் ஒரு குடும்பம் இரண்டாகும். திறக்காவிட்டால் நாளைக்கும் இதே தட்டு வரும்.

இவற்றில் எதற்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றுதான்: கொடியில் அன்றைக்குப் பிஞ்சுப் பூக்கள் விரிந்திருந்தன. மத்தியானம் மூடிவிடும். அவற்றுக்கு வேண்டியது அந்தத் தட்டில் இருந்தது. மனிதர்கள் பேசித் தீர்க்க நாள் முழுக்க இருக்கிறது, பூவுக்கு இல்லை.

“சார், இந்தப் பூ காய்க்காது. ஆனா இது இல்லாம அது காய்க்காது” என்றேன். “பிஞ்செல்லாம் உதிர்றது இதனாலதான். தட்டைக் கொடுங்க, இன்னிக்குப் பூத்ததையாவது காப்பாத்திரலாம்.”

தட்டை நீட்ட அவர் கை வந்தது, பாதியில் நின்றது. சாமிக்கென்று பறித்ததை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்றார். மறுக்கும் குரலில் இல்லை; அவருக்கே என்ன செய்வதென்று தெரியாத குரலில். எங்கள் வீட்டிலும் சாமிக்கு எடுத்த பூவை முகரக்கூட விடமாட்டார்கள். அதனால் அந்தத் தயக்கத்தை என்னால் அலட்சியமாக நினைக்க முடியவில்லை.

அதற்குள் அக்கா மேலே வந்துவிட்டார். தட்டைப் பார்த்தார். பிறகு வெறும் காம்புகளைப் பார்த்தார். தினமும் பஸ்ஸுக்கு ஓடும்போது கீழே ஹாலில் கணவர் படத்தின் மேல் அந்த மஞ்சள் பூக்களைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர் அவர். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வந்த கடைப்பூ என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது, அவர் உதடு வெளுத்ததை மட்டும்.

இருவரும் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். முதல்முறையாக, நான் நிற்பதையும் மறந்து. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் வேகமாக ஏதோ விளக்கினார். அக்கா தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். அவர் மறுபடி விளக்கினார். அக்கா அதற்குள் ஒரு சின்ன வாக்கியம் சொன்னார். அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். வெயில் கைப்பிடிச் சுவருக்கு மேல் வந்துவிட்டது. நான் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். “சாமி பங்கு தட்டுல இருக்கட்டும். அண்ணன் படத்துக்குன்னு எடுத்ததை நீ எடுத்துக்கோம்மா. அது மதினிக்குச் சேர வேண்டியதுதான்.”

செம்பருத்தியையும் கொஞ்சம் மஞ்சள் பூவையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, மீதியை அக்காவின் முந்தானையில் போட்டார். அண்ணன் படத்துக்கு இரண்டு பூதான் வைப்பேன் என்று சற்று முன் சொன்னவர், அள்ளிப் போட்டார்.

இதழைப் பிய்த்துவிட்டு ஆண்பூவின் நடுவைப் பிஞ்சுப் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும், அவ்வளவுதான் வேலை. அக்காவுக்கு ஒருமுறை செய்து காட்டினேன். அதன்பின் என்னைத் தொட விடவில்லை. ஒவ்வொரு பூவாக அவரே செய்தார். ஜெகன் சார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அக்காவுக்கு பஸ் போய்விட்டது. நான் பசுமலைப் பக்கம்தான் போகிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டேன். செல்லூர் தாண்டினோம். சிக்னலில் நின்றபோது தோளருகில் குரல் வந்தது.

“நிஜத்தைச் சொல்லும்மா. தெரிஞ்சே செஞ்சாரா?”

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் நம்மிடம் செடியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஆறுதல் சொல்லவும் எனக்கு வாய் வந்தது. அவர் நல்லவர் அக்கா என்று சொல்லியிருப்பேன். அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது காம்பு மட்டும்தான். அதைச் சொன்னேன். கெடுக்க நினைக்கிற கை பிஞ்சுப் பூவைத்தான் முதலில் கிள்ளும் அக்கா, அவர் அதில் ஒன்றில்கூடக் கை வைக்கவில்லை, பக்கத்தில் இருந்ததை எடுக்கும்போதுகூட ஒதுங்கி எடுத்திருக்கிறார், என் கண்ணால் பார்த்தேன் என்று.

சிக்னல் விழுந்தது. வண்டி கொஞ்ச தூரம் போனபின் அக்கா சொன்னார்.

“தெரிஞ்சு செஞ்சிருந்தா நல்லா ஒரு சண்டை போட்டிருப்பேன். தெரியாம செஞ்சவர்கிட்ட என்னத்தைப் போயிச் சண்டை போடுறது?”

சிரித்தாரா என்று கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஜெகன் சார் பூ பறிக்கவில்லை. தேனீயும் சில நாளில் வந்துவிட்டது. அன்றைக்கு அக்கா தொட்ட பூக்களில் சில பிடித்தன. எலுமிச்சை அளவு வந்தது, ஆரஞ்சு அளவு வந்தது, மேலே வலைபின்னல் விழ ஆரம்பித்தது. பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் தூளி கட்டினோம். கண்பட்டுவிடும் என்று அக்கா எத்தனை காய் என்று எண்ண விடமாட்டார். எண்ணாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய அவஸ்தை என்று என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

வைகாசிக் கடைசியில் வெல்டிங்காரர் வந்து மாடியை அளந்துவிட்டுப் போனார். ஆடியில் வேலை தொடங்கமாட்டார்கள். அதற்குள் முடிக்க வேண்டுமென்றால் ஆனி முதல் வாரமே இரும்பை ஏற்ற வேண்டும், வெள்ளிக்கிழமை ஆள் வரும் என்று ஜெகன் சார் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பழம் தட்டுக்கு வராமல் ஆனி பிறக்கப்போகிறது, அவ்வளவுதான். அக்கா தினமும் சாயங்காலம் போன் செய்ய ஆரம்பித்தார். பெரிதாகத்தானே இருக்கிறது, பறித்து வைத்துவிடலாமா? பறித்து வைத்தால் வெளியே மஞ்சளாகும் அக்கா, உள்ளே வெள்ளரிக்காய்தான், கொடியில் ஏறாத இனிப்பு அப்புறம் ஏறவே ஏறாது என்பேன். பச்சைக் காயாக இருந்தாலும் அதுவும் பழம்தான் என்று வாதாடி அவர் மாடியைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். பழுக்கட்டும் என்று சொல்கிற நான் அதைத் தொலைத்துவிடக்கூடும். மூன்றாம் நாள் அதையே அவரிடம் சொன்னேன். இனிப்பைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும் அக்கா, பறிப்பதும் விடுவதும் நீங்கள் முடிவெடுக்க வேண்டியது என்றேன்.

விட்டுவிட்டார். தண்ணீரையும் குறைத்துவிட்டோம். ஆனி பிறந்து இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை நான் படியேறும்போதே வாசனை வந்தது. அக்கா தூளியில் கை வைத்ததும், இழுக்காமலே, காம்பு விட்டு, பெரிய பழம் அவர் கைக்கு வந்தது.

ஜெகன் சாரைக் கூப்பிட்டோம். முதல் பழம் என்று கீழே கொண்டுபோய்ச் சாமியிடம் வைத்துவிட்டு மறுபடி மேலே கொண்டுவந்தார். அக்காதான் நறுக்கினார். உள்ளே குங்குமப்பூ நிறம். ஜெகன் சார் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். சர்க்கரையே வேண்டாம் போலிருக்கிறதே என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். குற்றவுணர்வு இறங்கிய சந்தோஷமும் அதில் இருந்திருக்கலாம்.

“ஜெயிச்சிட்டீங்க மதினி. ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா என்ன? அடுத்த வருஷமும் மாடியை நீங்களே வச்சிக்கங்க” என்றார்.

என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பழம் கேட்டார்கள், பழம் வந்தது, மாடி கிடைத்தது. என் பட்டியலில் எல்லாமே அடிக்கப்பட்டாயிற்று.

அக்கா கத்தியைத் துடைத்து வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு கொழுந்தனாரைப் பார்த்தார். அவர்கள் மொழியில் சொல்லப்போகிறார் என்று நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவர் தமிழில் பேசினார். எனக்கும் கேட்கவேண்டும் என்றே, நிதானமாக.

“தம்பி, இது மாமா ரெண்டு பிள்ளைக்கும் எழுதி வச்ச வீடு. உங்க அண்ணன் பங்கு என்கிட்ட இருக்கு. கொடி காய்ச்சாலும் சரி, பட்டுப்போனாலும் சரி, மாடியில பாதி என்னோடது. அடுத்த வருஷம் நான் பழம் காட்ட மாட்டேன்.”

நான் கையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். மேலூர்ப் பக்கம் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை பார்த்தது. இந்தப் போகம் விளைச்சலைக் காட்டினால்தான் அடுத்த போகம் அந்த வயல் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர் என் அப்பா. கடைசியில்தான் சொந்தமாகக் கொஞ்சம் வாங்கினார். அந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு, பழம் காட்டினால் மாடி என்ற பேச்சு முதல் நாளே உறுத்தியிருக்க வேண்டும். மகரந்தம் எங்கே போனது என்று தெருத்தெருவாக அலைந்தேன். தன் மாடியில் உட்கார ஒருத்தி ஏன் பரீட்சை எழுத வேண்டும் என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

ஜெகன் சார் வாயிலிருந்த துண்டை விழுங்கினார். அவரும் தமிழிலேயே பதில் சொன்னார்.

“நான் இல்லைன்னு எப்ப மதினி சொன்னேன்?”

“சொல்லல தம்பி. ஆனா கேக்க வச்சீங்கல்ல.”

அவர் கொடியை ஒருமுறை பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, அங்கேயே நின்று, வெல்டிங்காரரிடம் வெள்ளிக்கிழமை வரவேண்டாம், கீழே காம்பவுண்டு ஓரமாக இடம் பார்த்துச் சொல்கிறேன் என்றார். அக்கா இன்னொரு துண்டு நறுக்கி அவர் பக்கம் தள்ளி வைத்தார். எடுத்துக்கொண்டார்.

ஆனையூர் வீடு உங்களில் ஒருவருக்கு வரும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். கீழ்வீட்டில் கேட் திறந்துவிடுவார்கள், காபியும் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, மாடிக்குப் போகட்டுமா என்று அவர்களிடம் கேட்டு நிற்காதீர்கள். முதல் தளத்தில் லீலா அக்காவிடம் கேளுங்கள். மாடி அவருடையது.